தபால் டொக்டரும் அவித்த நெல்லும்

கலாநிதிப் பட்டம் கையில் வந்த கையோடு இன்னோர் ஆய்வுகூடத்தின் வாசலில் போய் நிற்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மாணவரில்லை, அந்தச் சலுகை முடிந்துபோயிற்று. ஆசிரியருமில்லை, அந்த மரியாதை இன்னும் தொடங்கவில்லை. ஆய்வுகூடத்தின் சாவி உங்கள் பையில் கிடக்கும், கதவில் உங்கள் பெயர் இருக்காது. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையோடு வந்த தோழனின் நிலை உங்களுக்கு. சர்பத் உண்டு, சாப்பாடு உண்டு, நிக்காஹ் மட்டும் உங்களுக்கில்லை.

உங்கள் முகங்களைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது. கோபிக்காதீர்கள். அது என்னுடைய பழைய முகத்தைப் பார்த்து வருகிற சிரிப்பு.

நான் வேலையை விட்டுக் கிளம்பும்போது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "சேர், ஒரு பெறுபேறு சரியெண்டு எப்ப தெரியும்?" நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு விடைபெற்றேன். பதில் தெரியாமல் அல்ல. பதில் கொஞ்சம் நீளம். அதற்குள் ஒரு கிடாரமும் ஒரு மோட்டார் சைக்கிளும் வருகின்றன. பிரியாவிடைத் தேநீரில் அவ்வளவையும் கொட்ட முடியாது. ஆகவே இங்கே கொட்டுகிறேன்.

எண்பதுகள் தொடங்கிய நேரம். நான் கலாநிதிப் பட்டத்தை முடித்துவிட்டுச் சாய்ந்தமருதில் வீட்டோடு இருந்தேன். விண்ணப்பித்த இடங்களெல்லாம் மௌனம். கடல் மட்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது, அதுவும் எனக்கு வேலை தருவதாகச் சொல்லவில்லை. அப்படியிருக்க ஒரு காலை, மச்சான் சைக்கிளை முற்றத்துக்குள்ளேயே ஓட்டி வந்து நிறுத்தினார். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து ராத்தாவின் வீட்டுக்கு வந்தவர். ராத்தாவின் வீடு எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது. அவருக்குக் கல்முனைத் தபால் கந்தோரில் தந்திப் பகுதியில் வேலை. ஊருக்கு வரும் நல்லது கெட்டது எல்லாம் அவர் காதில் 'டக் டக்' என்று தட்டிவிட்டுத்தான் உரியவர் வீட்டுக்குப் போகும்.

"மச்சான், வெள்ளக்காரன் ஒன்னத் தபாலுக்கு டொக்டராப் போட்டிரிக்கான்," என்றார்.

தந்தியை வாங்கிப் பார்த்தேன். குளிரான ஒரு நகரத்திலிருந்து வந்திருந்தது. நெல்லின் மூலக்கூற்று உயிரியலில் ஒரு வருடத்துக்கு 'போஸ்ட் டொக்டரல்' ஆய்வாளராக என்னை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் வருடம் வேலையைப் பொறுத்து. மச்சானுக்கு அந்தச் சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். ஆனால் பகிடிக்கு இவ்வளவு வசதியாக வாய்த்த ஒரு சொல்லை வீணாக்குகிற ஆள் அவரில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனபோது என் புதிய உத்தியோகம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"மனே, டோஹாவில இரிக்கிற என்ட புள்ளட கடிதம் வந்து கன நாள். எங்க சிக்கிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாரு," என்று ஒரு தாய் என்னை வீதியில் மறித்தார்.

"உம்மா, நான் அந்த டொக்டரில்ல. நெல்லுக்குள்ள இரிக்கிற புரதத்தப் பாக்கிற வேல."

"நெல்லுக்குள்ள என்ன மனே இரிக்கி, அரிசிதானே?"

பிற்காலத்தில் பெரிய சபைகளில் என்னிடம் பெரிய கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அந்த வீதியில் நின்றதைப் போல வேறெங்கும் நின்றதில்லை.

அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒருவர் சாரனை உயர்த்தி நோகிற முழங்காலைக் காட்டினார். வாப்பா மட்டும் பகிடி பண்ணவில்லை; நேரடியாகவே கேட்டார்: "படிப்பு முடிஞ்ச புறகும் படிப்பா? அப்ப இவ்வளவு காலமும் படிச்சது என்ன மனே, ஒத்திகையா?" ஓம் வாப்பா என்று சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு அது தெரியாது.

இனிக் குளிர் நாட்டுக்கு வருவோம். அதிக நேரம் அங்கே நிற்கமாட்டேன். உங்களுக்குத் தெரியாத குளிரில்லை.

என் பேராசிரியை குட்டையான, வெள்ளைத் தலைமுடிக்காரப் பெண்மணி. புகழ மாட்டார், திட்டவும் மாட்டார். யார் எந்தப் பெறுபேற்றைக் கொண்டுபோய் நீட்டினாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றையே கேட்பார்: "இது பொய்யாக இருந்தால், எப்படிப் பொய்யாக இருக்கும்?" முதல் மாதம் அது என்னை அவமதிக்கும் கேள்வி என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் அவருக்கு அது ஒரு பழக்கதோஷம் என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் பதிலைத் தயார் செய்துகொண்டு போகப் பழகினேன். அதாவது கேள்வியை மதிக்கவில்லை, சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டுக்குமுள்ள தூரம்தான் இந்தக் கதை.

கோமாரிப் பக்கம் வாப்பாவுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. கடலோரக் களப்பு பெருகினால் உப்புத்தண்ணீர் ஏறும் நிலம். புதிய இன நெல்லெல்லாம் அங்கே போனால் கருகும். பழைய நெல் ஒன்று மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் நிற்கும். வாப்பா அதை உவர்நெல் என்பார். அந்த நெல் உப்பை எப்படிச் சகிக்கிறது என்பதைத்தான் நான் ஆராயவிருந்தேன். வீட்டுக்கு எழுதினேன்: 'நம்முடைய கோமாரி நெல்லில் கொஞ்சம் அனுப்புங்கள்.' அழகாகப் பொட்டலம் கட்டி வந்தது. திறந்தபோது மூக்கில் ஊர் மணத்தது. அந்த மணத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்கவேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன், அவ்வளவுதான். ஏக்கம் பிடித்தவனுக்கு மூக்கு வேலை செய்யும், மூளை செய்யாது.

மணிகளை அரைத்து, புரதங்களைப் பிரித்துப் பார்த்தேன். மற்ற எல்லா நெல்லிலும் ஒரு குறிப்பிட்ட நொதியம் கருநீலக் கோடாக எழுந்து நிற்கும். எங்கள் கோமாரி நெல்லில் அந்தக் கோடு இல்லை. வெறுமை. வானத்தில் பிறை பார்க்கப் போனவன் வானமே இல்லாததைக் கண்டதுபோல இருந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் இல்லை. ஒரு நொதியமே இல்லாத நெல், அதுவும் உப்பில் வாழ்கிற நெல். இல்லாமைதான் அதன் இரகசியமோ? அந்த நொதியத்தின் பரம்பரை அலகு அறுந்துபோன தாவரமோ? எனக்கு நித்திரை போனது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி வந்தது. நான் ஒரு பக்கம் நிறையப் பதில் வைத்திருந்தேன்: சாயம் பழசாக இருக்கலாம், சூடு கூடியிருக்கலாம், அரைத்தது போதாமலிருக்கலாம், இவை எதுவும் இல்லை, சரி பார்த்துவிட்டேன். அவர் தலையாட்டினார். "இன்னொரு நொதியத்தையும் பார்," என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அழகான ஒன்று கையில் இருக்கும்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி ஒப்பிட யாருக்கு மனம் வரும்? இதை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்கிறேன், உங்கள் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றே ஒன்று இல்லையென்றால் அது கண்டுபிடிப்பு; எல்லாமே இல்லையென்றால் அது விபத்து. இரண்டாவதைப் பார்க்காதவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரேயொரு கரைச்சல், அந்த நெல் முளைக்க மறுத்தது. சில இனங்கள் அறுவடைக்குப் பிறகு கொஞ்சக் காலம் முளைக்காமல் கிடக்கும். அதை உறக்கம் என்போம். நானும் 'ஆழ்ந்த உறக்கம்' என்று எழுதினேன். உவர்நெல்லின் இன்னொரு விசேட குணம் என்று அதையும் பெருமையோடு சேர்த்துக்கொண்டேன். பார்த்தீர்களா, பிழை தனியாக வராது. தன்னைத் தாங்கிப் பிடிக்க ஓர் உறவினரையும் கூட்டிக்கொண்டு வரும்.

பேராசிரியை ஒரு பெரிய கூட்டத்தில் பேச இருந்தார். என்னுடைய பெறுபேற்றைத் தன் பேச்சின் நடுவில் வைத்தார். எனக்கு இரண்டாம் வருடம் தருவதா இல்லையா என்று தீர்மானிப்பவர்கள் அந்தச் சபையில் முன்வரிசையில் இருப்பார்கள். அது கிடைக்காவிட்டால் நான் பெட்டி கட்டவேண்டியதுதான். "நீ ஊருக்குப் போய் முளைக்கக்கூடிய புது நெல்லைக் கொண்டு வா. நான் இங்கே பேசி முடிக்கிறேன்," என்றார். விமானச்சீட்டும் அவரே எடுத்துத் தந்தார்.

ஊரில் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதம். கொழும்பிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி வந்து, சாப்பிட்டு, முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தபோது பகல் உருகிக்கொண்டிருந்தது. முற்றம் முழுக்கச் சாக்குப் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் அடுப்புக்கல்லின் மேல் கரிபிடித்த கிடாரம். ராத்தா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். மகளிர் பாடசாலையில் கணக்கு ரீச்சர். விரல்களில் வெண்கட்டித் தூள் அப்படியே இருக்க, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு அன்று லீவு. வாப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, நாளைக்குக் கோமாரிக்குப் போவம். உவர்நெல்லு புதுசாக் கொஞ்சம் வேணும். போன முற வந்தது முளைக்குதில்ல, நித்திரையில கிடக்கு."

வாப்பா வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். "நித்திரையா? உவர்நெல்லா? அது ஈரம் பட்டாக் கதிர்ல நிக்கக்குள்ளயே முளைக்கிற சாதி. அது எங்க மனே நித்திர கொள்ளும்?"

ராத்தாவின் கால் நின்றது. "எந்த நெல்லத் தம்பி முளைக்கப் போட்ட?"

"நீ அனுப்பினதத்தான்."

"நான் அனுப்பினத?"

"ஓம்."

"தண்ணியில ஊறப் போட்டு?"

"தண்ணியில, இருட்டில, சூட்டில, குளிர்ல. எல்லா மாதிரியும் போட்டுப் பாத்தாச்சி."

ராத்தா மச்சானைப் பார்த்தாள். மச்சான் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா கடல் இருக்கிற திசையைப் பார்த்தார்.

"அது நித்திர இல்லத் தம்பி," என்றாள் ராத்தா மெதுவாக. "செத்துப்போன மையித்து. நான் அவிச்சித்தானே அனுப்பின."

காற்று படங்கின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வருவதற்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

"அவிச்சா? எல்லாத்தையுமா?"

"ஒரு மணி விடாம. அந்தா, அந்தக் கிடாரத்திலதான். பச்ச நெல்ல அனுப்பினாப் பூச்சி பிடிக்கும். அவிச்சிக் காயவெச்சி அனுப்பினா நீ குத்திட்டுச் சோறாக்கினாப் போதும். அந்தக் குளிருக்குள்ள ஒனக்குக் கிடாரம் ஆரு தருவா?"

"ராத்தா, நான் ஆராய்ச்சிக்கெல்லுவா கேட்ட."

"ஆராய்ச்சிக்கெண்டு எழுதினியா? நெல்லு அனுப்பு எண்டுதான் எழுதின. விதநெல்லெண்டு எழுதியிருந்தா விதநெல்லு வந்திரிக்கும். வெதைக்கிறது விதநெல்லு, திங்கிறது நெல்லு. இது தெரியாத ஆளையா டொக்டரெண்டு சொல்றாங்க?"

"அப்ப இவ்வளவு காலமும்," என்றார் மச்சான், சாரனை இழுத்துக் கட்டிக்கொண்டு, "வெள்ளக்காரங்க எல்லாருமாச் சேந்து நம்மட வீட்டுச் சோத்தையா மச்சான் ஆராய்ச்சி பண்ணின?"

எங்கள் வீட்டு மொழியில் இரண்டு சொற்கள். நான் பழகிவிட்ட ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பேராசிரியை வளர்ந்த நாட்டில் உமியோடு இருக்கிற நெல்லை யாரும் அவிப்பதில்லை; ஆகவே அவருடைய சந்தேகங்களில் அது இருக்க நியாயமில்லை. நான் வளர்ந்த வீட்டில் அவிக்காத நாளே இல்லை. ஆகவே என்னுடைய சந்தேகங்களில் அது முதலாவதாக இருந்திருக்கவேண்டும். நான் கொண்டுபோன பக்கம் நிறையப் பதிலில் கிடாரம் இல்லை.

அதே அவியலில் மிஞ்சியது ஒரு தகரத்துக்குள் இருந்தது. ஒரு மணியை எடுத்து உமியை உரித்துக் கடித்தேன். பச்சை அரிசி என்றால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். இது கண்ணாடி மாதிரி உடைந்தது. நடக்கத் தொடங்கிய பிள்ளையும் எங்கள் முற்றத்தில் இந்தச் சோதனையைச் செய்யும். ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது விதி. நல்ல விதி, நீங்கள் மீறவேண்டாம். ஆனால் பல்லுக்குத் தெரிந்ததை மறக்கச் சொல்லி எந்த விதியும் சொல்லவில்லை.

சூட்டில் நொதியம் செத்துவிடும். எல்லா நொதியமும் செத்துவிடும். என் அழகிய வெறுமை ஒரு கிடாரத்தின் வேலை.

"நாளையண்டைக்கு அவங்க பேசப்போறாங்க," என்றேன். "பெரிய சபையில. இத நம்பி."

இப்போது மூவருக்கும் விளங்கியது. வாப்பா கேட்டார்: "பேசினா என்ன ஆகும்?"

"எனக்கு இன்னொரு வருஷம் கிடைக்கும்."

"பேசாட்டி?"

"திரும்பி வந்து, தபாலுக்கு டொக்டராகத்தான் இரிக்கணும்."

மச்சான் கதிரையை என் பக்கம் இழுத்தார். குரலைத் தணித்தார். "இஞ்ச பாரு மச்சான். தந்தி அடிக்கத்தான் வேணும், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா இண்டைக்கே அடிக்கணுமா? அவங்க பேசி முடியட்டும், ஒனக்கு வருஷமும் கிடைக்கட்டும். மறுகா அனுப்புவம். ஆரும் கேட்டா, கல்முனையில லைன் அறுந்து கிடந்த எண்டு நான் எழுத்திலயே தாறன். நம்மட லைன் அறுந்த எண்டா நம்பாத ஆள் உலகத்தில இரிக்கா?"

இதைவிட அன்பான ஒரு பொய்யை யாரும் எனக்குத் தந்ததில்லை. அதில் யாருக்கும் நட்டமில்லை போலிருந்தது. உண்மையும் போய்ச் சேரும், கொஞ்சம் பிந்தி. தபாலில் பிந்தாத உண்மை எது?

கடற்கரைக்குப் போனேன். தோணிகள் மணலில் கிடந்தன, முதுகு காய. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை; இரண்டுக்கும் நடுவில் மணலைக் காலால் கிளறிக்கொண்டு திரிந்தேன், ராத்தா நெல்லைக் கிளறியதைப்போல. அலை வந்து எழுதும், அழிக்கும், அதற்கு வெட்கமே கிடையாது. எழுதி முடித்த ஒவ்வொரு வரியையும் அது தானே அழிக்கிறது.

அந்த வெள்ளைத் தலை மேடையில் ஏறி நிற்பதை மனத்துக்குள் பார்த்தேன். கையில் ஒரு நெல்மணி. அங்கிருக்கும் எவரும் கடித்துப் பார்த்திராத மணி. கடித்துப் பார்த்தவன் நான் ஒருவன். அதன் துண்டு இன்னும் பல்லிடுக்கில் குத்திக்கொண்டிருந்தது. நேர்மை என்னை உந்தியது என்று எழுத ஆசைதான். உள்ளதைச் சொன்னால், பயம் பாதி. மச்சானின் பொய்யை ஒருநாள் நான்தான் பேராசிரியையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிவரும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பார். இந்த முறை உண்மையான பதில் எனக்குத் தெரிந்தே இருக்கும். அதுதான் மீதிப் பாதி.

வீட்டுக்குத் திரும்பி, "இப்பவே அடிப்பம் மச்சான்," என்றேன்.

அவர் வாதாடவில்லை. சேர்ட்டைப் போட்டார். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கினார். ராத்தா வேலிவரை வந்தாள். "ராத்தா அவிச்ச எண்டு உலகம் முழுக்க அடிக்கப் போறியா? என்ட பேரு வந்தா மறுகா இந்த வீட்டில ஒனக்குச் சோறில்ல."

விஞ்ஞானக் கட்டுரைகளில் செயப்பாட்டு வினை எதற்காக இருக்கிறது என்பது அந்த வேலியோரத்தில்தான் எனக்கு விளங்கியது. 'நெல் அவிக்கப்பட்டது.' ராத்தாக்களைக் காப்பாற்றுவதற்காக.

கல்முனைத் தபால் கந்தோருக்குப் போனோம். உள்ளே போன மச்சான் போன வேகத்திலேயே வெளியே வந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"லைன் அறுந்து கிடக்கு மச்சான்."

"பகிடி விடாதங்க."

"அல்லாஹ்வுக்காக உண்மை. காலையில இருந்து இல்லையாம்."

பொய்க்கென்று தயார்செய்து வைத்திருந்தது மெய்யாகி எங்கள் முன்னால் நின்றது. இனித் திரும்பிப் போனால் யாரும் எதுவும் கேட்க முடியாது. மச்சான் எழுத்தில்கூடத் தரலாம், ஒரு எழுத்தும் பொய்யாயிராது. மச்சான் கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஏறு," என்றார். "அக்கரைப்பற்றில லைன் இரிக்கும். பூட்டுறதுக்குள்ள போயிரலாம்."

காரைதீவைத் தாண்டும்போது மாவடிப்பள்ளிப் பக்கமிருந்து வயல்வெளிக் காற்று குறுக்கே அடித்தது. ஒரு பக்கம் நெல், மறுபக்கம் கடல். நடுவில் ஒரு தந்திக்காரரும் அவருடைய முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு தபால் டொக்டரும். நிந்தவூரில் வழியை மறித்து ஒரு மாட்டுக்கூட்டம். மச்சான் மாடுகளோடு சத்தம்போட்டுக் கதைத்தார்.

அக்கரைப்பற்றுத் தபால் கந்தோரில் கவுண்டரைச் சாத்திக்கொண்டிருந்தவர் மச்சானுக்குத் தெரிந்தவர், அண்ணன் முறையில் மச்சான் 'காக்கா' என்று கூப்பிடுபவர். தந்தித் தாளை வாங்கி வாசித்தார். விதை அவிக்கப்பட்டது, பெறுபேறு பொய், தயவுசெய்து பேசவேண்டாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். பென்சிலால் ஒரு சொல்லைத் தட்டினார்.

"டொக்டர், இது பிழை. 'பொயில்ட்' எண்டு எழுதியிரிக்கீங்க. 'ஸ்பொயில்ட்' எண்டுதானே வரும்? நெல்லு பழுதாப் போச்சி எண்டுதானே சொல்ல வாறீங்க?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண் சிரித்தது. முற்றத்தில் கதிரையை இழுத்துப்போட்டுப் பொய் சொல்லித்தந்தபோது இருந்த அதே சிரிப்பு. "காக்கா சொல்றது சரிதான் மச்சான். ஒரு 'ஸ்' போட்டா முடிஞ்சி. நெல்லு வழியில பழுதாப் போச்சி. ஆருட பிழையும் இல்ல."

தமிழ்க் காதுக்கு ஒரே ஒரு 'ஸ்'. பழுதாவது யாருக்கும் நேரும்: கப்பலில் நேரும், மழையில் நேரும். அவிந்தது எங்கள் வீட்டில் மட்டும் நேரும். ஒரு 'ஸ்'ஸுக்குள் ஒரு முழு மனிதன் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

"பிழையில்ல காக்கா," என்றேன். "பொயில்ட்தான். அவிச்ச நெல்லு."

"அவிச்ச நெல்லையா டொக்டர் ஆராய்ச்சிக்கு எடுத்த?"

"ஓம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்: "இவர்தானா அந்தத் தபால் டொக்டர்?" மச்சான் பெருமையோடு தலையாட்டினார். தந்தி போனது.

பிறகு நடந்ததை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். வாப்பாவோடு கோமாரிக்குப் போய்ப் பச்சை நெல் எடுத்துவந்தேன். இந்த முறை நானே எடுத்து, நானே கட்டினேன். குளிர் நாட்டில் அது தண்ணீரைக் கண்டதும் முளைத்தது, வாப்பா சொன்னபடி அவசரக்காரனைப்போல. அந்த நொதியம் கருநீலமாக, திடமாக, மற்ற எல்லா நெல்லிலும் இருப்பதுபோலவே இருந்தது. உவர்நெல் உப்பை எப்படித் தாங்குகிறது என்பதை அதற்குப் பிறகும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு யாரும் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். சந்தோஷப்படுவேன். அதற்கு முன் இரண்டாவது நொதியத்தையும் பார்த்தீர்களா என்று கேட்பேன்.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அங்கே இல்லை, எங்கள் முற்றத்தில்.

லைன் சரிவந்த பிறகு ஒரு பின்னேரம் மச்சான் பதில் தந்தியோடு வந்தார். இந்த முறை சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நான் வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. தானே வாசித்துத் தமிழில் சொன்னார்:

"சபைக்குச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். ஒரு வருடம் இல்லை, ஆறு மாதம் தருகிறார்கள். பச்சை நெல்லோடு வா." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "இன்னம் ஒண்டு இரிக்கி. அவித்தது யார்?"

என் செயப்பாட்டு வினை குளிர் நாடு வரை போய்ப் பிடிபட்டுத் திரும்பி வந்திருந்தது.

படங்கில் அன்றும் நெல். ராத்தா குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள், கேட்காதவளைப்போல. ஓலைக் கடகம் நிறைந்த பிறகும் அள்ளினாள். மச்சான் தந்தியை மடித்துப் பையில் வைத்தார், மறுபடி எடுத்து விரித்தார்.

"பதில் என்னெண்டு அடிக்கிற?" என்று என்னைக் கேட்டார்.

"நெல்லு அவிக்கப்பட்டது, அவ்வளவுதான் எண்டு அடியுங்க."

ராத்தா நிமிர்ந்தாள். கையிலிருந்த தூசியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"என்ட பேரப் போடுங்க," என்றாள் மச்சானிடம். "முழுப் பேரும். போட்டுட்டு, இவன் விதநெல்லெண்டு எழுதல்ல எண்டதையும் மறக்காமப் போடுங்க."